பாறையில் ஊறியது

ஜனவரி 6

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீயும் "இருக்கிறேன்" என்றுதான் எழுதுவாய். அதனால் அந்த இரண்டு வரியையும் எழுதி முடித்ததாக வைத்துக்கொள்வோம்.

போன் வேண்டாம், ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நீ வேலை மாற்றிப் போய் எட்டு மாதம் ஆகிறது. அதுவும் சரிதான். போனில் நாம் என்ன பெரிதாகப் பேசிக் கிழித்தோம்? நீ "ம்" என்பாய், நான் "ம்" என்பேன், பிறகு ஆளுக்கொரு பக்கம் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிடுவோம். இதுவரை எழுத ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

மீன் தொட்டி முழுக்கப் பாசி. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகிறேன். மத்தியானம் வந்து பார்த்தால் மறுபடியும் பச்சை. பாறையெல்லாம் தலைமுடி மாதிரி நீள நீளமாக வளர்ந்து கிடக்கிறது. மீனுக்கு, நம் கண்டக்டருக்கு, ஒன்றும் இல்லை, வழக்கம்போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருக்கிறான், யாரும் டிக்கெட் எடுக்கத்தான் காணோம். என் கவலை அந்தப் பவளத்தை, குடையைப் பற்றி. இந்த வாரம் அது பாதிதான் விரிந்தது. பாசி அதன் காலடிக்கு வந்துவிட்டது.

மீன் கடைக்காரரிடம் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு போய்க் காட்டினேன். "பாஸ்பேட் ஏறிக் கிடக்குது சார், 0.4. பாசிக்கு அதுதான் உரம். இதைப் போடுங்க, ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும்" என்று ஒரு டப்பா வெள்ளை உருண்டை கொடுத்தார். உன்னைக் கேட்காமல் போட எனக்குத் தைரியம் இல்லை. தண்ணீரைப் பரிசோதிப்பது உன் தொழில். நான் பஸ் ஓட்டுகிறவன், எனக்குத் தெரிந்த தண்ணீர் ரேடியேட்டரில் ஊற்றுவதுதான்.

வாலு போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவள் பேர் வைத்ததில் உயிரோடு இருப்பது அந்த மீனும் அந்தப் பவளமும்தான். குடையைச் சாகவிட்டால் உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? என்ன செய்யட்டும், எழுது.

உன்,
வாலு அப்பா

*

ஜனவரி 14

உங்களுக்கு,

வெள்ளை உருண்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அலுமினிய வகை. குடை மாதிரித் தோல் பவளங்களுக்கு அது பெரும்பாலும் ஆகாது, சுருண்டுகொள்ளும். பார்சலில் இரும்புத் துகள் அனுப்பியிருக்கிறேன், காப்பிக்கொட்டையைக் கரகரப்பாக அரைத்த மாதிரி இருக்கும். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது பாஸ்பேட் அதில் ஒட்டிக்கொள்ளும்.

கவனமாகப் படியுங்கள். முதலில் துகளைக் கழுவ வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில், ஓடுகிற தண்ணீர் தெளியும் வரைக்கும். "கழுவிட்டேன் கழுவிட்டேன்" என்று பாத்திரத்தை நனைத்து வைப்பீர்களே, அப்படி இல்லை. பிறகு தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருக்கும் சின்ன சிலிண்டரில் போட்டு, அதன் மோட்டாரை மிக மெதுவாக ஓடவிடுங்கள். மேலாக இருக்கும் துகள் லேசாக அசைந்தால் போதும். உலையில் அரிசி கொதிப்பது மாதிரிப் புரண்டால் ஒன்றோடொன்று உரசி மாவாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அளவு. கவரில் போட்டிருக்கும் அளவைப் பார்க்காதீர்கள். அதில் கால் பங்கு மட்டும். பத்து நாளுக்கு ஒரு முறை பரிசோதித்துப் பார்த்து, பிறகுதான் கூட்ட வேண்டும். அத்தனை நாள் அழுக்கில் பழகிய உயிரை ஒரே நாளில் சுத்தமான தண்ணீரில் நிறுத்தினால் அது தாங்காது. பூஜ்யத்துக்கும் கொண்டுபோகக் கூடாது, கொஞ்சம் பாஸ்பேட் இல்லாமல் பவளமும் பிழைக்காது.

இங்கே குவார்ட்டர்ஸில் ஒரு கட்டில், ஒரு மேஜை. ஜன்னலைத் திறந்தால் ஆலையின் குழாய்கள். நாளெல்லாம் கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துக் குடிநீராக்குகிறோம். வீட்டில் நல்ல தண்ணீரில் உப்பைப் போட்டுக் கடல் செய்து வைத்திருந்தேன். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பிப்ரவரி பத்தாம் தேதி இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருவேன். உறுதியாகச் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடாதீர்கள்.

*

பிப்ரவரி 2

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

திட்டுவதற்கு முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்.

கால் பங்குதான் போட்டேன், சத்தியமாக. பத்து நாள் பார்த்தேன். 0.4 என்பது 0.35 ஆனது. பாசி கொஞ்சம்கூட அசையவில்லை. நீ பத்தாம் தேதி வருகிறாய். இந்தச் சாக்கடையையா உனக்குக் காட்டுவது என்று மனசு கேட்கவில்லை. கவரில் மிச்சம் இருந்ததை மொத்தமாகக் கொட்டிவிட்டேன். அவசரத்தில் சரியாகக் கழுவவும் இல்லை. நீ எழுதியது மாதிரியேதான், நனைத்து வைத்தேன். சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று மோட்டாரையும் முழு வேகத்தில் திருப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் தொட்டி செங்கல் கரைத்த தண்ணீராகிவிட்டது. கண்டக்டர் மூலையில் போய் ஒண்டிக்கொண்டான். மறுநாள் தண்ணீர் தெளிந்தது, பரிசோதித்தால் 0.03. நான் பெரிய ஆள் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு குடையைப் பார்த்தேன். அது மூடிக் கிடக்கிறது. முழுக்க. மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு தோல். இன்றோடு நான்கு நாள், அது விரியவே இல்லை.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டுகிறேன், ஒரு நாள் கிளட்சைப் பட்டென்று விட்டதில்லை. இதில் போய் விட்டுவிட்டேன். குடை செத்துப்போகுமா? உண்மையைச் சொல்லிவிடு.

உன்,
வாலு அப்பா

*

பிப்ரவரி 6

உங்களுக்கு,

உங்களுக்குப் படிக்கத் தெரியும் என்று நினைத்துதான் நான் அவ்வளவு விவரமாக எழுதினேன். இனி உங்கள் கையில் மொத்தமாக எதையும் கொடுக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு பொட்டலம் என்று சின்னக் குழந்தைக்கு மருந்து மாதிரி மடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

சாகாது. பயந்துபோய் மூடிக்கொண்டிருக்கிறது. துகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குப்பையில் போடுங்கள். பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், மூன்று நாள் விட்டு இன்னொரு தரம். அந்த மெழுகுத் தோலைக் கையால் உரிக்காதீர்கள், அதுவே கழன்றுவிடும். இரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும். அதற்குப் பிறகு கால் பங்கு. இன்னொரு கவர் இத்துடன் இருக்கிறது.

லீவு கிடைத்தது. நான்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாசிக்காக வரவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்தத் தொட்டியின் முன்னால் என்னால் நிற்க முடியாது. வாலு இருந்தபோது ஒரு நாள் இதே மாதிரி பரிசோதித்துப் பார்த்தேன், பாஸ்பேட் மூன்று மடங்கு ஏறியிருந்தது. யாரோ தீனியை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். "யார் போட்டது?" என்று கேட்டேன். நீங்களும் அங்கேதான் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். "நான்தாம்மா" என்றாள் வாலு. அறைந்தேன். நான்கு விரலும் அவள் கன்னத்தில் பதிந்தது. தீனி டப்பாவை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டு, இனி தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்றேன். பத்தாவது பிறந்த நாளன்று டப்பாவைத் திரும்பக் கொடுக்கலாம் என்று இருந்தேன். மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தது. அவளுக்குப் பத்து வயது ஆகவே இல்லை.

நம் பெண்ணுக்கு நான் கடைசியாகக் கொடுத்த தண்டனை அது. மீனுக்குச் சோறு போட்டதற்கு.

*

மார்ச் 8

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

நல்ல சேதி முதலில். குடை விரிந்துவிட்டது! நீ சொன்ன மாதிரியே அந்தத் தோல் சட்டை கழற்றுவதுபோலக் கழன்று விழுந்தது. அடியில் புதுசாக, மஞ்சளாக. நான் தொட்டி முன்னால் நின்று "அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கேட்க ஆள் இல்லாததால் கண்டக்டரிடம் சொன்னதாக ஆயிற்று.

துகளைக் கழுவு கழுவு என்று கழுவினேன். பக்கெட்டில் விழுகிற தண்ணீரில் என் முகம் தெரிகிற வரைக்கும். கால் பங்கு. மோட்டார் மெதுவாக. எல்லாம் நீ எழுதியபடி.

ஆனால் ஒன்று புரியவில்லை. துகளை எடுத்த இரண்டு வாரத்தில் 0.2 வரைக்கும் ஏறி, கால் பங்கு போட்ட முதல் வாரத்தில் 0.15 வரைக்கும் இறங்கியது. நேற்றுப் பார்த்தால் 0.3. நான் காலையில் ஒரே ஒரு சிட்டிகைதான் தீனி போடுகிறேன், வேறு எதுவும் இல்லை. வீட்டில் நான் ஒருத்தன்தான். பிறகு இது எங்கிருந்து வருகிறது? நம் வீட்டுக்குள் யாராவது வந்து போட்டுவிட்டுப் போகிறார்களா?

அடித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். பதிலாக மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். உன் மேல் தப்பில்லை என்பதை மட்டும் இப்போதைக்கு நம்பு.

உன்,
வாலு அப்பா

*

மார்ச் 15

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு வெளியே போய்க் குழாய்களுக்கு நடுவில் ரொம்ப நேரம் நின்றேன்.

யாரும் வந்து போடவில்லை. பாறையிலிருந்து வருகிறது. தீனி அதிகமானால் அதிலிருக்கும் பாஸ்பேட் தண்ணீரில் மட்டும் தங்காது, பாறைக்குள்ளும் ஊறிப்போகும். பிறகு நீங்கள் தண்ணீரைச் சுத்தம் செய்யச் செய்ய, உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மாதக்கணக்கில் வரும், வருஷக்கணக்கிலும் வரும். இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் இத்தனை நாள் தோன்றவே இல்லை.

அது அவள் போட்டதுதானே? நான் பார்க்காதபோது அந்தச் சின்னக் கையால் அள்ளி அள்ளிப் போட்டது. எதற்காக நான் அடித்தேனோ அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவள் துணியெல்லாம் துவைத்து மடித்தாகிவிட்டது, நோட்டுப் புத்தகங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டன, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இது மிச்சம் இருக்கிறது.

சிலிண்டரை நிறுத்திவிடுங்கள். துகளை எடுத்துவிடுங்கள். பாசி வளர்ந்தால் வளரட்டும், கண்ணாடியைக்கூடத் துடைக்க வேண்டாம். குடைக்கு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தாங்கினால் தாங்கட்டும். தாங்காவிட்டால் போகட்டும். இதை எழுதுவது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அவள் போட்டதை எடுத்துக் குப்பையில் கொட்டுவதற்கு இனி நான் துகள் அனுப்ப மாட்டேன்.

மாற்றலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் முப்பதாம் தேதி வீட்டுக்கு வருகிறேன். லீவுக்கு இல்லை, வந்துவிடுகிறேன். அவள் போட்டது தீருவதற்குள் அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்து அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

வரும்போது என்ன வாங்கி வர? எழுதுங்கள்.

உங்கள்,
வாலு அம்மா

*

மார்ச் 24

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

ஏழு நாள் உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினேன். "வந்துவிடுகிறேன்" என்ற இடத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், நீ வந்துவிடுவாய். அதற்காகத்தான் பதினாறு மாதமாக மூடிக்கொண்டு இருந்தேன் என்றும் சொல்லலாம். இனி முடியாது.

அந்தத் தீனியை அவள் போடவில்லை. நான் போட்டேன்.

மத்தியானம் ஷிப்டு முடிந்து வருவேன். நீ வேலையில், அவள் பள்ளிக்கூடத்தில். ஒரு வீட்டுக்குள் தனியாகச் சாப்பிட எனக்கு எப்போதுமே பிடிக்காது என்று உனக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு தொட்டி பக்கத்தில் நிற்பேன். கண்டக்டர் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவான். நான் மட்டும் சாப்பிடுவதா என்று ஒரு சிட்டிகை போடுவேன். இன்னும் வேண்டும் என்பான். இன்னொன்று. சில நாள் நான்கு, ஐந்து. இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். ஐந்து மாதம் அப்படிப் போட்டேன்.

அவள் போட்டது காலையில் ஒரு சிட்டிகை. நீ சொன்ன அளவு. ஒரு நாள்கூட அதற்கு மேல் போட்டதில்லை.

நீ "யார் போட்டது?" என்று கேட்டபோது நான் ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டதும் குனிந்தபடியே இருந்துவிட்டேன். அதற்குள் அவள் "நான்தாம்மா" என்றுவிட்டாள். உன் கை ஓங்கியது. அப்போதும் நான் நிமிரவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

நீ வந்து அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பாய், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. அதிலிருந்து வருவது என்னுடையது. அதற்காகக் குடையைப் பலி கொடுக்க வேண்டாம்.

சிலிண்டரை நிறுத்தவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை.

வாலு அப்பா

*

ஏப்ரல் 2

ஒன்று மட்டும் எழுதுங்கள். போட்டது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியுமா?

*

ஏப்ரல் 6

வாலு அம்மாவுக்கு,

தெரியும்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் விட்டு முன்னாலேயே வந்துவிட்டாள். நான் போடுவதைப் பார்த்தாள். "அப்பா, அம்மாகிட்ட மாட்டுனீங்கன்னா அவ்ளோதான்" என்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். உன்னை மாதிரியே.

நீ அடித்த அன்று, நீ துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தபோது, அவளிடம் போனேன். ஈரத் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏன்டா நீ போட்டேன்னு சொன்னே?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"நீங்க திட்டு வாங்குனா ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்க மாட்டீங்க. நான் வாங்குனா அஞ்சு நிமிஷம்தான்."

பிறகு, "ஆனா இனிமே போடாதீங்கப்பா, அடி ரொம்ப வலிக்குது" என்றாள்.

அன்றிலிருந்து நான் போடவில்லை.

அவள் உன் மேல் கோபமாக இல்லை. அன்று ராத்திரி உன் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள், நினைவிருக்கிறதா? நீ மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்க வேண்டியவன் நான், அவளிடமும் உன்னிடமும். அவளிடம் இனி முடியாது.

வாலு அப்பா

*

ஜூன் 1

வாலு அம்மாவுக்கு,

ஏப்ரல் முப்பதாம் தேதி லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். வரமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் இருந்தேன். பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். "என்ன சார், வேற யாரையாவது எதிர்பார்த்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நேற்று உன் பார்சல் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலில் நின்றபடியே பிரித்தேன். பன்னிரண்டு பொட்டலம். சின்னச் சின்னதாக, ஒரே மாதிரி மடித்து, ஒவ்வொன்றின் மேலும் மாதத்தின் பேர். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று. கீழே "நன்றாகக் கழுவிவிட்டுப் போடவும்." பன்னிரண்டிலும் அந்த ஒரே வரி.

கடிதம் இருக்கும் என்று தேடினேன். பெட்டிக்குள் அடைத்திருந்த பழைய பேப்பரைக்கூடத் தாள் தாளாக நீவிப் பார்த்தேன். இல்லை. பிறகு பொட்டலங்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். கடைசியில் இருப்பது மே. அடுத்த மே வரைக்கும் நீ வரப்போவதில்லை என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வருவாய் என்று எந்தப் பொட்டலத்திலும் எழுதியிருக்கவில்லை. கோபத்திலும் நீ அளவு பார்த்து மடித்து அனுப்பியிருக்கிறாய், குடை சாகக் கூடாது என்று. எனக்கு அது போதும் என்று எழுத நினைத்தேன். போதவில்லை. நீ இல்லாமல் எனக்கு எதுவுமே போதவில்லை.

ஜூன் பொட்டலத்தை இன்று காலை பிரித்தேன், மற்றதைத் தொடவில்லை. தண்ணீர் தெளியும் வரைக்கும் கழுவினேன். மோட்டார் மெதுவாக ஓடுகிறது. பாஸ்பேட் 0.12. பாசி குறைந்திருக்கிறது. குடை நன்றாக விரிந்து, தண்ணீரின் போக்குக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இதை உனக்கு எழுதுகிறேன். நீ பதில் போட வேண்டாம்.

இத்தனை நாள் பீரோ மேலேயே வைத்து எடுத்துக்கொண்டிருந்த தீனி டப்பாவை இறக்கித் தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டேன். காலையில் அதே ஒரு சிட்டிகைதான் போடுகிறேன், அவள் போட்ட அளவு. மத்தியானம் நான் வந்ததும் கண்டக்டர் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அங்கேயே நின்று சாப்பிடுகிறேன்.

வாலு அப்பா